பந்து இல்லாத நிமிடங்கள்

நேற்று மாலை திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கண் பந்தை விட்டுவிட்டு, இடப்பக்கப் பின்கள வீரர் ஒருவரிடமே நின்றுவிட்டது. பந்து மறுமுனையில் இருக்கும்போதெல்லாம் அவர் முன்னே நாலடி, பின்னே ஆறடி என நகர்ந்து, கையைக் காட்டிப் பக்கத்து வீரரை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். இந்த உழைப்பைத் திரைப்படங்களில் நான் கண்டதே இல்லை.

குத்துச்சண்டை கமராவுக்கென்றே பிறந்த விளையாட்டு. சிறிய சதுர மேடை, இரண்டு முகங்கள், 3 நிமிடச் சுற்று, இடையில் பயிற்றுநர் காதோடு பேச ஒரு நிமிடம். 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' அந்த நெருக்கத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. கிரிக்கெட்டிலும் பந்துவீச்சாளரும் துடுப்பாட்டக்காரரும் நேருக்கு நேர் நிற்பதால்தான், 2024இல் வெளியான 'லப்பர் பந்து' இரண்டு மனிதர்களின் வீறாப்பை வைத்தே முழுப் படத்தையும் நகர்த்த முடிந்தது; மென்பந்து விளையாடும் எங்கள் பெடியன்களுக்கும் அது சொந்தக் கதைபோலவே இருந்தது.

நூறு மீற்றர் நீளத் திடலில் 22 பேர் ஓடும் ஆட்டத்துக்கோ அந்த வாய்ப்புக் கிடையாது. 1981இல் ஜோன் ஹியூஸ்டன் இயக்கிய 'எஸ்கேப் டு விக்டரி' என்ற உதைபந்தாட்டப் படத்தில் பெலேயே நடித்திருந்தும், என் மனதில் நிற்பது அவர் அந்தரத்தில் தன் தலைக்கு மேலாகப் பின்னோக்கி அடித்த உதை மட்டுந்தான்.

நேற்றைய பின்கள வீரர் கடைசி நேரத்தில் ஒரு பந்தை வழிமறித்து வெளியே தட்டினார். பக்கத்தில் கச்சான் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.