அது சாய்ச்சுப் பார்க்குமாங்க?

"ஏனுங்க சார், நான் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்ப்பனுங்க. அது சாய்ச்சுப் பார்க்குமாங்க?"

எங்கள் தொழிற்சாலையில் பாகங்களில் குறை இருக்கிறதா என்று பார்க்கக் கேமரா சிஸ்டம் வாங்குவதற்காக ஒரு டெமோ நடந்தது. அது முடிகிற நேரத்தில், அதுவரை அந்த வேலையைக் கண்ணால் செய்துவந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "கேமராவுக்குச் சாய்க்க வேண்டியதே இல்லைக்கா. ஒரே படத்துல எல்லாம் தெரிஞ்சிடும்." சரிங்க என்று தலையாட்டிவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டார். மூன்று வருடம் ஆகப்போகிறது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, தூக்கம் வராத இரவில், அந்தப் பதிலை எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அவர் எப்படிப் பார்ப்பார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாகம், அலுமினிய டை காஸ்டிங் ஹவுசிங், அதாவது உருக்கி அச்சில் வார்த்த உறை. கசிவை அடைக்கும் கேஸ்கெட் உட்காரும் முகம் மட்டும் மில்லிங் ஆகி, அதாவது கட்டரால் சீவப்பட்டு வரும், குறுக்கே 80 மில்லிமீட்டர். இடது கையில் எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே ஒருமுறை நேராகப் பார்ப்பார். போரோசிட்டி, அதாவது வார்ப்புக்குள் சிக்கிய காற்றுத் துளை, இருந்தால் கருப்புப் புள்ளியாக அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் மணிக்கட்டை மெதுவாக உருட்டுவார். வெளிச்சம் அந்த முகத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். போகிற வழியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு மின்னி அணைந்தால், கை அங்கேயே நின்றுவிடும். கட்டைவிரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்காக ஓட்டுவார். நகம் தடுக்கினால் சிவப்புப் பெட்டி. எல்லாம் சேர்த்து நான்கைந்து விநாடி.

கீறல் என்பது ஒரு சின்ன வாய்க்கால்தான். வெளிச்சம் தாழ்வாக, அதற்குக் குறுக்கே வந்தால் கரை மின்னும். வாய்க்காலின் போக்கிலேயே வந்தால் ஒன்றும் தெரியாது. எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வெளிச்சம் கொட்டினால் கரையும் தரையும் ஒரே சாம்பல் நிறமாகி, கீறல் காணாமலே போய்விடும். இது எனக்குத் தெரியாததில்லை. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நானே போர்டில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னேன்?

இரண்டு சப்ளையர்கள் கடைசிவரை வந்தார்கள். முதலாமவர் காட்டியது டோம் லைட்டும் 5 மெகாபிக்சல் கேமராவும். பாகத்தைக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி மூடி, உள்ளே எங்கும் சீரான வெளிச்சம், ஒரே படம். மில்லிங் கோடுகள் மங்கிப்போகும், போரோசிட்டி மட்டும் கருப்பாக எழுந்து நிற்கும். இரண்டாமவர் நான்கு பக்கமும் தாழ்வாக லைட் வைத்து, ஒவ்வொன்றாக எரியவிட்டு நான்கு படம் எடுத்தார். நிழல்கள் மாறுவதை வைத்து மேற்பரப்பின் சாய்வைக் கணக்கிடும் முறை இது. 1980-லேயே ராபர்ட் வுடம் என்ற ஆராய்ச்சியாளர் எழுதி வைத்தது, புதிதொன்றும் இல்லை. பாகத்தைச் சாய்ப்பதற்குப் பதிலாக வெளிச்சத்தைச் சாய்க்கிறார்கள். அக்காவின் மணிக்கட்டு செய்கிற வேலையேதான் அது. அன்றைக்கு எனக்கு அது அப்படித் தோன்றவில்லை.

முதலாமவரைத் தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்தேன் என்றுதான் எழுத வேண்டும். தேவைப் பட்டியலைத் தயாரித்தது நான், மதிப்பெண் போட்டதும் நான். காரணங்கள் இருந்தன, இன்றைக்கும் அவற்றைத் தவறென்று சொல்ல மாட்டேன். கஸ்டமர் அதுவரை அனுப்பிய புகார் எல்லாமே போரோசிட்டி பற்றியது. 0.3 மில்லிமீட்டருக்கு மேல் துளை கூடாது என்பது டிராயிங்கிலேயே இருக்கிறது. கேமரா பார்க்கும் 100 மில்லிமீட்டர் அகலத்தை 2448 பிக்சலால் வகுத்தால், ஒரு பிக்சலுக்கு 0.04 மில்லிமீட்டர். துளைக்கு ஏழு பிக்சல் கிடைக்கிறது, தாராளம். தாழ்வான லைட் என்றால் அது பாகத்தை ஒட்டி நிற்க வேண்டும், பாகத்தைப் பிடிக்கும் ரோபோவின் கிரிப்பர் அதில் இடிக்கும், ஸ்டேஷனையே மாற்றி வரைய வேண்டும். அதோடு இரண்டாமவரின் டெமோவில் மில்லிங் கோடுகளும் சேர்ந்து மின்னி, நல்ல பாகங்களே நிறைய ரிஜெக்ட் ஆகின. தினமும் நல்ல பாகத்தைத் தள்ளுகிற மெஷினை புரொடக்ஷன்காரர்கள் ஒரு வாரம்கூட ஓட விடமாட்டார்கள், பைபாஸ் போட்டு, பாகங்களை அதில் காட்டாமலே அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவும் உண்மை. ஆனால் என் பட்டியலின் முதல் வடிவத்தில் ஏழாவது வரியாக 'சீல் பாதையைக் குறுக்கே வெட்டும் கீறல்' என்று இருந்தது, அதாவது கேஸ்கெட் படியும் வளையத்தைக் கடந்து போகும் கீறல். 0.05 மில்லிமீட்டர் கீறல் அந்தக் கேமராவுக்கு ஒரு பிக்சலைத் தாண்டினால் பெரிது. அந்த வரியை 'இரண்டாம் கட்டம்' என்ற தலைப்புக்குக் கீழே நகர்த்தியதும் நான்தான். அக்கா கேட்டபோது அது நகர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

சிஸ்டம் வந்தது. நான்கு பேர் இருந்த மேஜையில் ஒருவர் மிஞ்சினார். ஒப்பந்தத்தில் இருந்த இரண்டு பெண்களை காண்ட்ராக்டர் வேறு இடத்துக்கு அனுப்பினார், எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா பேக்கிங்குக்குப் போனார்.

ஏழாவது வாரம் புகார் வந்தது. 11 பாகங்களில் கசிவு. எங்கள் லீக் டெஸ்டில் எல்லாமே பாஸ் ஆனவை. பாகத்தை மூடிப் பிடிக்கும் டெஸ்ட் ஃபிக்ஸ்சரில் இருப்பது தடித்த மெத்து ரப்பர், அது கீறலுக்குள் அமுங்கி அடைத்துவிடும். கஸ்டமரின் மெல்லிய கேஸ்கெட்டுக்கு அந்த இளக்கம் இல்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒரு பாகத்தை எடுத்து, சேமித்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டேன். படத்தில் சுத்தமான சாம்பல் நிற வளையம். கையில் இருந்ததை டியூப் லைட்டுக்குக் கீழே உருட்டினேன். உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரைக்கும் ஒரு கோடு மின்னி அணைந்தது.

பேக்கிங்கிலிருந்து அக்காவை வரச் சொன்னேன். ஏன் கூப்பிட்டேன் என்று இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, கோடு என் கண்ணுக்கே தெரிந்துவிட்டதே. அவர் வாங்கி, ஒரு உருட்டு உருட்டி, நகத்தை ஓட்டி, "இதுதானுங்க" என்று நீட்டினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. டெமோ அன்று கேட்டது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

என் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். சிஸ்டம் வாங்குவதற்கு முன், பார்ப்பவர்களின் முடிவு எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்று அளக்கும் வழக்கமான ஆய்வைச் செய்திருந்தோம். 50 பாகங்கள், மூன்று பேர், ஆளுக்கு மூன்று முறை. அதில் ஒரு கீறல் பாகத்தை அக்கா முதல் முறை தள்ளினார், இரண்டாம் முறை நல்லது என்று விட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், ஆயிரமாவது பாகத்தில் கண் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. அவர் மேஜையில் இருந்திருந்தால் அந்த 11 பாகங்களையும் பிடித்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. இந்த வாதத்தை மேலாளரிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த 50 பாகங்களைப் பொறுக்கியவனும் நான். அதில் கீறல் பாகம் மூன்றே மூன்று. மீதிக் குறைகள் எல்லாம் போரோசிட்டி. மூன்றை வைத்து அவர் கண்ணை அளந்தேன் என்றால் அது என்ன அளவு?

கஸ்டமருக்குப் போன அறிக்கையில் ஐந்து 'ஏன்' எழுத வேண்டும். ஏன் கசிந்தது, கீறலால். ஏன் பிடிபடவில்லை, படத்தில் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை, ஒளியமைப்பு பொருத்தமில்லை. ஏன் அந்த ஒளியமைப்பு, தேவைப் பட்டியலில் கீறல் முதல் கட்டத்தில் இல்லை. ஐந்தாவதில் 'பட்டியலைச் சரிபார்க்கும் நடைமுறை இல்லை' என்று எழுதி முடித்தேன். நடைமுறை இல்லாமல் இல்லை. ஒருவர் கேட்டார், ஏழு பேர் முன்னால் கேட்டார். அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஸ்டேஷனை மாற்றி, தாழ்வான லைட்டை நான்கு பக்கமும் வைத்தோம். ரிஜெக்ட் ஏறியது, மில்லிங் கட்டரை அடிக்கடி மாற்றியதும் கொஞ்சம் இறங்கியது. மெஷின் தள்ளுவதை ஒரு ஆள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா மேஜைக்குத் திரும்பினார். நீங்கள் கேட்டது சரிதான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சங்கடம் எனக்குத்தானோ என்றும் நினைக்கிறேன்.

போன மாதம் அடுத்த லைனுக்கு டெமோ நடந்தது. இந்த முறை நானே போய் அக்காவைக் கூட்டி வந்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரையில் படங்கள் வந்து வந்து போயின. நடுவில் ஒருமுறை அவர் வலது மணிக்கட்டு மடியில் லேசாக உருண்டதைப் பார்த்தேன். "ஏதாவது கேட்கணுமாக்கா? எதுவா இருந்தாலும் கேளுங்க" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க சார்" என்றார்.

இன்னொரு முறை கேட்டேன். அதையேதான் சொன்னார். ஆர்டர் இன்னும் போடவில்லை, கோப்பு என் மேஜையில் இருக்கிறது.