கோடீஸ்வரர் துறைக்குப் பக்கத்தில் எங்கள் சின்னப் படகு

பிரான்சின் தென்கடற்கரையில் வேலை என்றதும் புதுச்சேரியில் எல்லோரும் விசாரித்தது கான் திரைப்பட விழாவைப் பற்றித்தான். நாங்கள் குடியேறியது கானுக்குப் பக்கத்தில் உள்ள அந்தீப்பில். ஊருக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே, 1969-இல் தொடங்கிய சோஃபியா அந்திபோலிஸ் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. எனக்கும் கணவருக்கும் அங்கேதான் வேலை. சென்னை, பெங்களூரிலிருந்து வந்த நம்மவர்களும் அங்கே இருக்கிறார்கள். முதல் குளிர்காலம் முழுக்க வார இறுதி என்றால் ஒருவர் வீட்டில் இட்லி, இன்னொருவர் வீட்டில் பிரியாணி என்று போனது. அதில் குறையில்லை. ஆனால் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே அலுவலகப் பேருந்தின் ஜன்னல் வழியாகத்தான் தெரிந்தது.

மாலையில் துறைமுகம் வரை நடப்போம். அந்தீப்பின் வோபான் துறைமுகம் மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய உல்லாசப் படகுத் துறைகளில் ஒன்று. அதன் ஒரு கோடியில் நூறு மீட்டர் நீளக் கப்பல்கள்கூட வந்து கட்டும். கோடீஸ்வரர் துறை என்றே ஊரில் அதற்குப் பெயர். வெள்ளைச் சீருடைப் பணியாளர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால் இந்தக் கடல் நமக்கானது இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அதே துறைமுகத்தின் உட்பக்கம் வேறு உலகம். ஏழெட்டு மீட்டர், ஒன்பது மீட்டர்ப் பாய்மரப் படகுகள் வரிசை வரிசையாகக் கிடக்கும். ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், பள்ளி ஆசிரியை, தச்சர் என்று சாதாரண ஆட்களுடையவை. என் பிரிவில் வேலை செய்யும் மூத்தவர் ஒருவருக்கும் அப்படி ஒன்று உண்டு, என் வயதை ஒத்த பழைய படகு. வசந்தத்தில் ஒருநாள், “ஆள் போதவில்லை, வருகிறீர்களா?” என்று கேட்டார். இந்த நாட்டில் எங்களுக்கு ஒரு ஊர் அமைந்தது அந்தக் கேள்வியில்தான்.

எங்கள் வழக்கமான பயணம் மேற்கே உள்ள சான் ட்ரோபே என்ற துறைமுக ஊருக்கு. அந்தீப்பிலிருந்து சுமார் 30 கடல் மைல். நல்ல காற்று இருந்தால் ஒரு பகலில் போய்விடலாம். நாங்கள் அகே விரிகுடாவில் ஒரு இரவு தங்கிப் போவோம். கானைத் தாண்டியதும் எஸ்தரெல் மலையின் சிவப்புப் பாறைகள் கடலுக்குள்ளேயே இறங்கி நிற்கும். மாலை வெயில் படும்போது அந்தச் சிவப்பைப் பார்த்தே ஆகவேண்டும்.

அகேயில் நங்கூரம் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தண்ணீரில் கரும்பச்சையாகத் தெரிந்தால் அது பொசிடோனியா என்ற கடற்புல். பாசி அல்ல, பூத்துக் காய்க்கும் செடி. வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். மீன்குஞ்சுகளுக்கு அதுதான் தொட்டில். ஒரு நங்கூரம் இழுத்துப் பிய்த்தால் அந்த இடம் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் வெளிர்நீலமாக மணல் தெரியும் இடத்தைத் தேடித்தான் போடவேண்டும். என் மகள் முன்னால் குப்புறப் படுத்து, “இங்கே புல், இங்கே புல்... இப்போ மணல்!” என்று கத்துவாள். 24 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்கள் இந்தப் புல்வெளிகளில் நங்கூரமிடக் கூடாது என்று 2019-இல் தொடங்கி ஒவ்வொரு விரிகுடாவாகத் தடை வந்தது. அது வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பணம் இருப்பவர் நினைத்த இடத்தில் நிற்கலாம் என்பது கடலில் செல்லக் கூடாது.

சான் ட்ரோபேயில் இடம் கேட்க ரேடியோவில் 9-ஆம் சேனலில் துறைமுக அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் எங்கள் அளவுப் படகுக்கு இடம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. மே மாதம் போனால் சிரித்த முகத்தோடு கொடுப்பார்கள். இங்கே படகைப் பின்புறமாகத்தான் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பெரிய படகுகளுக்கு நடுவே மெதுவாகப் பின்வாங்கும்போது, கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் ஒரு கயிற்றை நான் கொக்கியால் எடுப்பேன். பெந்தீய் என்பார்கள். சேறும் பாசியும், இடையிடையே சின்னச் சிப்பிகளும் ஒட்டியிருக்கும், கையுறை இல்லாவிட்டால் உள்ளங்கை கிழிந்துவிடும். அதைக் கைமாற்றிக் கைமாற்றி முன்பக்கம் வரை கொண்டுபோய், மறுமுனை கடலடியிலிருந்து விறைத்து எழும்வரை இழுத்துக் கட்டவேண்டும். அவ்வளவுதான், படகு அசையாது. எதிரே செனெக்கியே காப்பிக்கடையின் சிவப்பு நாற்காலிகளில் குளிர்கண்ணாடி போட்டவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சேறு சொட்டும் கையோடு அவர்கள் முன்னால் நிற்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அந்தத் துறையில்தான் சிலையைப் பார்த்தேன். 1866-இல் நிறுவிய வெண்கலச் சிலை, பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன். பெயரைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. புதுச்சேரியில் நான் பள்ளிக்குப் போன வழி சுஃப்ரேன் வீதி. அப்பாவுக்கு உடனே படம் அனுப்பினேன். “ஏம்மா, நம்ம வீதிக்காரரா?” என்று அப்போதே கூப்பிட்டுவிட்டார். சற்று நேரத்தில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் இருக்கும் நம் வீதிப் பெயரைப் படம் எடுத்து அனுப்பினார். சுஃப்ரேன் 1782, 83-இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று நம் கடலோரத்தில் ஆங்கிலேயருடன் அடுத்தடுத்து மோதியவர். சண்டை நம் கரையை யார் ஆள்வது என்பதற்காக. நம்மை யாரும் கேட்கவில்லை. அந்தக் கரைகளில் நின்று பீரங்கிச் சத்தத்தைக் கேட்ட மீனவக் குடும்பங்களுக்கு எங்கும் சிலை இல்லை. இதை அந்த இடத்திலேயே படகுக்காரர்களிடம் சொன்னேன். அவர்களுக்கு சதுரங்கப்பட்டினம் தெரியாது. வரைபடத்தைத் திறந்து ஒவ்வொரு ஊராகக் காட்டினேன், இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்வரை கேட்டார்கள்.

எஸ்தரெலுக்கு மேற்கே மிஸ்ட்ரால் காற்றின் ஆட்சி. ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் வடமேற்குக் காற்று, வானம் பளிச்சென்று இருக்கும்போதே அடித்து நொறுக்கும். ஒருமுறை அது பிடித்துக்கொண்டு எங்களை சான் ட்ரோபேயை விட்டு நகரவிடவில்லை. பக்கத்துப் படகுக்காரர் கேட்காமலே வந்து எங்கள் கயிறுகளை இரட்டையாகக் கட்டிக்கொடுத்தார், நாங்கள் அவருக்கு அடுத்த படகுக்குக் கட்டிக்கொடுத்தோம். ப்ளாஸ் தே லிஸ் திடலில் செவ்வாயும் சனியும் கூடும் சந்தையில் வாங்கிய தக்காளியும், நான் கொண்டுபோன புளியோதரையும் எல்லாப் படகுக்கும் போயின. புளியோதரை நாட்கணக்கில் கெடாது என்றதும் அதன் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

மொனாக்கோவுக்கும் போனோம். ஸ்பெயினில் கட்டி மிதக்கவிட்டு இழுத்து வந்த 352 மீட்டர் அலைதாங்கி மட்டும் என்னை வியக்கவைத்தது. மற்றபடி அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. எனக்குப் பிடித்தது கானுக்கு எதிரே இருக்கும் லெரான் தீவுகள். ஒரு தீவில் துறவிகள் இன்றும் திராட்சை பயிரிடுகிறார்கள், படகில் இருந்தபடியே அவர்கள் மடத்து மணியோசை கேட்கும்.

இங்கே புதிதாக வரும் நம்மவர்களுக்குச் சொல்கிறேன். பிரான்சில் பாய்மரப் படகு ஓட்ட உரிமம் தேவையில்லை, 6 குதிரைசக்திக்கு மேலான மோட்டார் படகுக்குத்தான் தேவை. சொந்தப் படகும் வேண்டாம். துறைமுகச் சங்கங்களின் அறிவிப்புப் பலகையில் “ஆள் தேவை” என்று எப்போதும் தொங்கும். சாப்பாடு, டீசல், துறைமுக வாடகை எல்லாம் பொதுப் பெட்டியில் போட்டுப் பகிர்ந்துகொள்வார்கள். நீச்சல் மட்டும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கடலில் ஆபத்து என்றால் ரேடியோவில் 16, கரையிலிருந்து போனில் 196. மீட்க வருபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அவர்கள் உண்டியலைக் கண்டால் ஏதாவது போடுங்கள். என் பிரெஞ்சு வகுப்பறையில் வளர்ந்ததைவிட இந்தப் படகில்தான் வளர்ந்தது, காற்று அடிக்கும்போது இலக்கணம் பார்க்க நேரமிருக்காது.

மகள் இப்போது சிறுவர்களுக்கான ஆப்டிமிஸ்ட் படகில் புதன்கிழமைதோறும் பயிற்சிக்குப் போகிறாள். ஜூனில் கோர்சிகா தீவின் கால்வி வரை போகத் திட்டம். ஏறக்குறைய 100 கடல் மைல், இரவெல்லாம் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். விடியற்காலை முறையை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். புளியோதரை எத்தனை டப்பா என்று மற்றவர்கள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.