ஈறு நோயில் பாக்டீரியாவின் பங்கு: என் சிகிச்சை அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வாழும் எங்களுக்கு, ஈற்றில் இரத்தம் கசிந்தால் உப்புநீரில் கொப்பளித்துவிட்டு, கிளினிக்கில் மாத்திரை வாங்குவதே வழக்கம். எனக்கோ ஈற்றுத் தோல் உரிந்து, சம்பல் (மிளகாய் விழுது) பட்டாலே தாங்கமுடியாமல் எரிந்தது. கன்னத்தின் உட்புறத்தில் வலை பின்னியதுபோல் வெண்கோடுகளைக் கண்ட அரசாங்கப் பல் மருத்துவர், இது வெறும் கிருமித்தொற்றாக இராது என்று ஈப்போவிலுள்ள வாய்நோய் நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார்.

அங்கு பயாப்சி என்னும் திசுப் பரிசோதனைக்காக, பல்லை ஒட்டிய விளிம்பைத் தவிர்த்துச் சற்றுத் தள்ளியே சதை எடுத்தார்கள். விளிம்பில் பாக்டீரியாவால் உண்டாகும் சாதாரண அழற்சி, மூலநோயின் அடையாளத்தை மறைத்துவிடுமாம். ஒரு துண்டு ஃபார்மலினிலும், பெம்பிகஸ், பெம்பிகாய்டு ஆகிய கொப்புள நோய்கள் அல்ல என்று உறுதிசெய்வதற்கான மற்றொரு துண்டு வேறு கரைசலிலும் ஆய்வகத்துக்குச் சென்றன. வந்த முடிவு லைக்கன் பிளானஸ்: உடலின் நோயெதிர்ப்பு அணுக்களான டி அணுக்களே வாயின் மேற்தோலைத் தாக்கும் நோய்.

“அப்படியானால் கிருமிக்கு இதில் பங்கில்லையா, டாக்டர்?” என்று கேட்டேன். பாக்டீரியாதான் நோயைத் தொடக்குகிறது என நிறுவப்படவில்லை என்றும், ஆனால் நோயுற்ற திசுவுக்குள்ளேயே அவற்றை ஆய்வாளர்கள் கண்டிருப்பதாகவும், பல்லில் படியும் படலம் எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதுபோல் ஈற்றழற்சியைக் கூட்டுவதாகவும் அவர் விளக்கினார். வலிக்கிறதென்று துலக்குவது குறையும், படலம் சேரும், புண் பெருகும்.

ஆகவே ஆன்டிபயாடிக் தராமல், முதலில் பற்காரையை (இறுகிப்போன படலத்தை) நீக்கினார்கள். பிறகு மென்மையான பிரஷ், நுரை தரும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பற்பசை (எங்கள் ஊர்க் கடைகளில் அதைத் தேடுவதே தனி வேலை), சில காலம் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி. இரவில் ஈற்றைப் பஞ்சால் ஒற்றி உலர்த்திய பின்னரே ஸ்டீராய்டு களிம்பைத் தடவவேண்டும். ஈரத்தில் அது ஒட்டாது. அக்களிம்பால் இடையில் கேண்டிடா பூஞ்சை தலைதூக்க, அதற்கும் மருந்து சேர்ந்தது.

சுத்தம் செய்ததில் ஈற்றின் சிவப்பும் கசிவும் நன்றாகவே தணிந்தன. கன்னத்தின் வெண்கோடுகள் மட்டும் அசையவில்லை. பாக்டீரியாவின் பங்கு எதுவரை என்பது எனக்கு அதில்தான் விளங்கியது. இந்நோய் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குப் புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால், எரிச்சல் இல்லாத காலத்திலும் பரிசோதனைக்கு ஈப்போ சென்று வருகிறேன்.