லெவல் த்ரீ நாட்குறிப்பு, செம்பூர், மும்பை 2025

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக்கு சித்திரை ஒண்ணு. வேப்பம்பூ வாங்கிட்டு வான்னு அம்மா காலையிலேர்ந்து மூணு தடவை சொல்லியாச்சு, மாதுங்கா போனாத்தான் கிடைக்கும், நான் இதோ போறேன் இதோ போறேன்னு சொல்லிட்டு இன்னும் டேபிளை விட்டு எந்திரிக்கல. சிஎஃப்ஏ லெவல் த்ரீ, முதலீட்டு வேலைல இருக்கிறவங்க எழுதுற பரீட்சையோட கடைசி கட்டம், ஆகஸ்ட்ல. பணம் கட்டியாச்சு.

இந்த வருஷம் பிப்ரவரிலேர்ந்துதான் லெவல் த்ரீயை மூணு பாதையா பிரிச்சிருக்காங்க, பழைய போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட், புதுசா பிரைவேட் மார்க்கெட்ஸ், அப்புறம் பிரைவேட் வெல்த். பேப்பர்ல சுமார் மூணுல ரெண்டு பங்கு எல்லாருக்கும் பொது, மிச்சம்தான் நாம எடுத்த பாதை. நான் பிரைவேட் வெல்த், அதாவது பணக்காரங்க சொத்தைப் பாத்துக்கிறது, என் வேலையும் அதான். ஒன்பது வருஷமா பணக்காரங்க ஹால்ல உக்காந்து டீ குடிச்சதுக்கு வேற எதை எடுக்கிறது. ஆபீஸ்ல எழுதுற மத்த மூணு பேரும் பழைய பாதைதான், "புதுசுக்கு பழைய கேள்வியே கிடையாதே, எதை வெச்சு படிப்ப"ன்னு கேக்குறாங்க, நியாயமான கேள்வி, எங்கிட்ட பதில் இல்ல.

பிப்ரவரில எழுதினவங்கள்ல 49 சதவீதம் பாஸ். 300 மணி நேரம் படிங்கன்னு அவங்களே சொல்றாங்க, கணக்கு போட்டா ஒரு நாளைக்கு ரெண்டரை மணி நேரம் வருது. லோக்கல் ட்ரெயின்ல நின்னுட்டே படிக்கிறதை இதுல சேக்கலாமான்னு தெரியல.

மே 4, ஞாயிறு

ஐபிஎஸ் சாப்டர். இன்வெஸ்ட்மென்ட் பாலிசி ஸ்டேட்மென்ட், அதாவது இந்த கிளையன்ட் யாரு, எவ்வளவு ரிஸ்க் தாங்குவாரு, எப்ப எவ்வளவு பணம் வேணும், எல்லாத்தையும் எழுதி வெக்கிற தாள். புக்ல வர்ற கிளையன்ட் எல்லாம் ஏதாவது கம்பெனியை வித்துட்டு வர்றவங்க, படிச்சாலும் மனசுல ஒட்டல. சரின்னு அப்பாவுக்கு ஒண்ணு எழுதிப் பார்த்தேன்.

கிளையன்ட்: 72 வயசு, மாதுங்கா ரயில்வே வொர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். சொத்து: செம்பூர் வீடு, எஃப்டி, போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம், அம்பாசமுத்திரம் பக்கத்துல 40 சென்ட் வயல். வருமானம்: பென்ஷன். இந்த பென்ஷன்ல ஒரு விஷயம் இருக்கு, டிஏ, அதான் பஞ்சப்படி, ஏறும்போதெல்லாம் இதுவும் ஏறும், அதனால விலைவாசியோட சேர்ந்தே வளர்ற பாண்ட் ஒண்ணு அவர் கையில இருக்கிற மாதிரிதான். அப்போ புக் கணக்குப்படி அவருக்கு ரிஸ்க் எடுக்குற சக்தி, அதான் எபிலிட்டி, ரொம்ப ஜாஸ்தி. விருப்பம் சுத்த பூஜ்யம். 1992 ஹர்ஷத் மேத்தா ஷேர் மோசடி சமயத்துல கூட வேலை பார்த்த ஒருத்தர் பிஎஃப் பணத்தை ஷேர்ல போட்டு விட்ட கதையை இன்னிக்கும் நேத்து நடந்த மாதிரி சொல்வாரு. சக்தி ஜாஸ்தி, விருப்பம் கம்மின்னா கம்மியைத்தான் எடுத்துக்கணும், கூடவே கிளையன்டுக்கு எடுத்துச் சொல்லணும்னு போட்டிருக்கு. எடுத்துச் சொல்லவாம்! எங்கப்பாவுக்கு!

வயலுக்கு நேரே "எண்டோமென்ட் பயஸ்"னு எழுதினேன், தன்னோடதுங்கிறதாலேயே பொருளுக்கு விலை கூட்டி வெக்கிற குணம். வருஷத்துக்கு நாலு மூட்டை நெல்லு வருது, அதைக் கேட்டா தாமிரபரணி தண்ணி பாயுற மண்ணுட்டின்னு ஆரம்பிப்பாரு.

அடுத்து கோர் கேபிடல். சாகுற வரைக்கும் குடும்பம் ஓடுறதுக்கு எவ்வளவு வேணுமோ அது. அதுக்கு மேல இருக்கிறது மிச்சம், அதைத்தான் பிள்ளைங்களுக்கோ கோயிலுக்கோ தைரியமா குடுக்கலாம். அப்பா அம்மா செலவு முழுக்க பென்ஷன்லயே அடங்கிடுது, அதனால கிட்டத்தட்ட எல்லாமே மிச்சம். சரி யாருக்குப் போகப் போகுதுன்னு பீரோவைத் திறந்து பாஸ்புக்கையும் ரசீதையும் பார்த்தேன். எல்லாத்துலயும் நாமினி அண்ணன். மஸ்கட்ல இருக்கிற அண்ணன். கரண்ட் பில் கட்டுறது நான்.

ஃபைலை மூடி வெச்சுட்டு டீ போட்டேன்.

ஜூன் 11, புதன்

ஆபீஸ்ல ஒரு கூத்து. 70 தாண்டின ஒரு அம்மா, வீட்டுக்காரர் போயிட்டாரு, வாடகையும் வட்டியும்தான் வருமானம், அவங்களுக்கு ஒரு ஏஐஎஃப் தள்ளச் சொல்றாரு எங்க ஹெட். ஏஐஎஃப்னா பெரிய பணக்காரங்களுக்கான தனி ஃபண்ட், பொதுவா குறைஞ்சது 1 கோடி, இந்த ஃபண்டுல உள்ள போட்டா மூணு வருஷத்துக்குக் குறையாம பூட்டு. காலைலதான் எதிக்ஸ்ல ஸ்டாண்டர்ட் மூணு சி, சூட்டபிலிட்டி, அதாவது விக்கிறது கிளையன்டுக்குப் பொருந்தணும்னு படிச்சிட்டு வந்தேன், லிக்விடிட்டி, அதான் கேட்டப்ப கைக்குப் பணம், தேவைப்படுற ஆளுக்கு இது எப்படி சார்னு கேட்டேன். "படிப்பை வீட்டோட வெச்சுக்கோ, குவார்ட்டர் முடிய 19 நாள் இருக்கு"ங்கிறாரு. நான் விக்கல. வேற ஆளு வித்துட்டான். இதுக்கு மேல இதைப் பத்தி எழுதப் பிடிக்கல.

ஜூலை 6, ஞாயிறு

மூணு மணி நேரம் வீண். ரிட்டயர்மென்ட் கணக்கு ஒண்ணு கூட சரியா வரல, பதினோரு கணக்கு, பதினொண்ணும் தப்பு, அதுவும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தப்பு. ஃபார்முலா மறந்துருச்சோன்னு அழுகையே வந்துருச்சு. கடைசில பார்த்தா பிஏ டூ பிளஸ் கால்குலேட்டர் திரையில மேல எறும்பு சைஸ்ல "பிஜிஎன்"னு ஒரு எழுத்து. வெள்ளிக்கிழமை ஒரு கிளையன்டுக்கு மாச ஆரம்பத்துல கட்டுற எஸ்ஐபி கணக்கு போட்டேன், அதை அப்படியே விட்டிருக்கேன், அதனால ஒவ்வொரு கட்டணமும் வருஷ ஆரம்பத்துல வர்றதா எடுத்துட்டு மெஷின் பாட்டுக்கு பதில் சொல்லிட்டு இருந்திருக்கு. செகண்ட், பிஎம்டி, செகண்ட், என்டர், நாலு பட்டன்ல சரி. பரீட்சைக்கு இந்த மாதிரி ரெண்டு மாடல் கால்குலேட்டர்தான் அனுமதி, அதனால இனிமே ஆபீஸ் கணக்குக்கு இதைத் தொடவே மாட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடிக் கிருத்திகை. இந்த வருஷம் ஆடில ரெண்டு கிருத்திகை, ரெண்டாவது எந்த தேதில வருதுன்னு பார்த்தா ஆகஸ்ட் 16, என் பரீட்சை நாள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. அன்னிக்கு சேடா நகர் முருகனைப் பார்த்துக்கிறேன்னு இப்பவே சொல்லிட்டா.

முதல் மாக், அதான் மாதிரிப் பரீட்சை, எழுதினேன். டிக் அடிக்கிற பாதி பரவாயில்ல. டைப் பண்ற பாதிலதான் மண்ணைக் கவ்வினேன். ரெண்டு காரணம் குடுன்னு கேட்டா நான் நாலு எழுதுறேன், எது சரின்னு தெரியாதப்ப நாலையும் எறிஞ்சா ஒண்ணாவது விழும்னு நினைக்கிற புத்தி, மீட்டிங்ல பேசிப் பேசி வந்தது. ஆனா திருத்துறவங்க முதல் ரெண்டைத்தான் பார்ப்பாங்க, மூணாவதா நிக்கிறது தங்கமா இருந்தாலும் மார்க் கிடையாது. முழு வாக்கியம் கூட வேண்டாம், துண்டு துண்டா எழுதினா போதும். பத்து வரிய ரெண்டு வரியா வெட்டுறதுக்குதான் இப்ப தினமும் ஒரு மணி நேரம் போகுது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கேட்டுட்டேன். எஸ்டேட் பிளானிங், அதான் சொத்தை யாருக்கு எப்படி விட்டுட்டுப் போறதுங்கிற பாடம், ரிவிஷன் முடிச்ச கையோட, அப்பா பேப்பர் படிச்சிட்டு இருக்கும்போது.

"அப்பா, நாமினின்னு அண்ணன் பேரு போட்டா எல்லாம் அவனுக்குன்னு அர்த்தம் இல்ல, தெரியுமா?"

"பின்ன பேங்க்ல எதுக்கு கேக்கான்?"

"யார் கையில குடுக்கணும்னு பேங்க்குக்குத் தெரியணும்ல, அதுக்கு. வாங்கிட்டு வாரிசுங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணும். உயில் இல்லன்னா அம்மா, அண்ணன், நான், மூணு பேருக்கும் சம பங்கு." ஷேர், மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதுதான்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் சொன்னேன், அது எடுபடல.

"நான் இன்னும் சாகலட்டி."

ரெண்டு நிமிஷம் ஃபேன் சத்தம் மட்டும். கிளையன்ட்கிட்ட இதே பேச்சை நூறு தடவை பேசியிருக்கேன், ஒரு தடவை கூட நாக்கு ஒட்டிக்கல. அப்புறம் அவரே, "வயலு?"ன்னாரு. பூர்வீக சொத்தா இருந்திருந்தா தமிழ்நாட்டுல 1989லயே பொம்பளப் பிள்ளைக்கும் சம பங்குன்னு சட்டம் வந்துருச்சு, நாடு முழுக்க வர 2005 ஆச்சு, ஆனா இது நீங்க ஓவர்டைம் பார்த்து வாங்கின வயல், யாருக்கு வேணா எழுதலாம்னு சொன்னேன். இதைச் சொல்லாம விட்டிருக்கலாம். ஆனா கேட்டாரே.

"அப்ப அவனுக்குத்தான் எழுதணும், ஊர்ல கோயில் கொடைக்கு நிக்க ஆம்பள வேணும்லா"ன்னாரு. போன பத்து வருஷத்துல கொடைக்குப் போனது யாருன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு.

ஆகஸ்ட் 16, சனி

ராத்திரி முழுக்க மழை. தஹி ஹண்டி வேற, இந்த ஊர் உறியடி, ரோடெல்லாம் ஸ்பீக்கர், லாரி நிறைய கோவிந்தா பசங்க நனைஞ்சிட்டே போறாங்க. ஓலா கிடைக்கல, லோக்கலை நம்ப முடியல, ஒரு ரிக்‌ஷாக்காரர்கிட்ட கெஞ்சி மூணு மணி நேரம் முன்னாடியே கிளம்பினேன். பாஸ்போர்ட்டை அப்பா ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரப்பர் பேண்ட் சுத்திக் குடுத்தாரு, பாஸ்போர்ட் இல்லன்னா உள்ளயே விட மாட்டாங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருந்தேனோ. முட்டி வரைக்கும் நனைஞ்ச சல்வாரோட ஏசி ரூம்ல உக்காந்தேன்.

2 மணி 12 நிமிஷம், நடுவுல பிரேக், மறுபடி 2 மணி 12 நிமிஷம். கேள்வி என்னன்னு எழுத முடியாது, சொல்ல மாட்டோம்னு உறுதி குடுத்துட்டுதான் உக்காந்தோம். முதல் செஷன் ஓகே. ரெண்டாவதுல ஒரு கணக்குல இருபது நிமிஷம் முங்கிட்டேன், வெளிய வந்தப்புறம் ரிக்‌ஷால வரும்போதுதான் வழி தெரிஞ்சுது. பிஜிஎன் இல்லன்னு அஞ்சு தடவை பார்த்தேன். வீட்டுக்கு வந்து வெந்நீர்ல குளிச்சு, பஞ்சாமிர்தம் சாப்பிட்டு, எட்டரைக்கு தூங்கிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ரிசல்ட் வர அக்டோபர் ஆகும். கணபதி பந்தல்ல காலையிலேர்ந்து ஸ்பீக்கர்.

டிஃபன் முடிச்சுட்டு அப்பா ஒரு ரூல் போட்ட நோட்டைக் கொண்டு வந்து டேபிள்ல வெச்சாரு. "பாரு, சரியா இருக்கான்னு." உயில். நீலப் பேனா, வொர்க்‌ஷாப் லாக்புக்ல எழுதுற அதே அச்செழுத்து, வரிசை நம்பர் போட்டு. வெள்ளைத்தாளே போதும், ஸ்டாம்ப் வேண்டாம், ஆனா ரெண்டு சாட்சி கண்டிப்பா வேணும், இதெல்லாம் அன்னிக்கே சொல்லியிருந்தேன், காதுல வாங்காத மாதிரி இருந்தாரு.

முதல் வரி, அம்மா நகை 22 பவுன், மகளுக்கு. ரெண்டாவது, வீடு, அம்மா காலத்துக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் சமம். மூணாவது, வயல். நம்பர் மட்டும் போட்டு வெத்தா விட்டிருக்காரு.

நான் ஒண்ணும் கேக்கல. அம்மா கண்ணாடியை மாட்டிட்டு வந்து முதல் வரியைப் படிச்சா. "இது எங்கம்மா போட்டது, நான் சீட்டு கட்டி சேத்தது. எந்நகையை நீங்க எப்படி எழுதுவீங்க?"

அப்பா என்னைப் பார்த்தாரு. அம்மா சொல்றது சரிதான், ஸ்ரீதனம், அவருக்கு எழுத உரிமை கிடையாதுன்னேன். அம்மா பேனாவை எடுத்து அந்த வரியை கோடு போட்டு அடிச்சுட்டா, ரெண்டு கோடு, தாள் கிழியுற மாதிரி. அடிச்சுத் திருத்தினா அந்த இடத்துல அப்பாவும் சாட்சி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், அதுக்கு புதுசாவே எழுதிடலாம்னு சொன்னேன்.

அப்பா அந்தப் பக்கத்தைக் கிழிச்சாரு. புதுப் பக்கத்துல ஸ்கேல் வெச்சு மார்ஜின் போட ஆரம்பிச்சாரு. "நம்பரை ஒண்ணுலேர்ந்து போடு"ன்னா அம்மா, அடுப்படிலேர்ந்து.