43 தெருப் பெயர்களும் ஓர் எழுத்துப்பிழையும்

யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் ஊரைப் பார்த்தால் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் மட்டும்தான் இருந்தன. மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மைக்ரோசாஃப்ட்டின் பிங் செயற்கைக்கோள் படத்தின் மேல் தெருக்களை ஒவ்வொன்றாக வரைந்தேன். அதுவரை சரி. அந்தப் படத்தைப் பார்த்து வரைய 2010 முதலே அனுமதி உண்டு. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் தெருப் பெயர் தெரியாதே? எல்லாரும் வழி பார்க்கும் ஒரு கம்பெனி வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, 43 பெயர்களையும் அப்படியே அடித்துச் சேமித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்: பெயர்கள் எங்கிருந்து கிடைத்தன? என் ஊர்த் தெரு எனக்குத் தெரியாதா என்று வீராப்பாகப் பதில் எழுதினேன். அவர் ஒரு தெருவை மட்டும் சுட்டிக்காட்டினார். "பிள்ளையர் கோயில் தெரு". கால் விழுந்துபோன அந்தப் பிழை கம்பெனி வரைபடத்திலும் அதே இடத்தில் இருந்தது.

வாயடைத்துப்போனேன்.

அப்புறம்தான் விதிகளைப் படித்தேன். ஒரு தெருவின் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் காசு செலவழித்துத் தொகுத்த தரவிலிருந்து எடுப்பது வேறு கதை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்ற திறந்த தரவு உரிமத்தில் வெளிவருகிறது, யாரும் எடுத்தாளலாம். எனக்கே உரிமையில்லாததை அதில் கலந்துவிட்டு, ஊருக்கெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது? காப்பியைப் பிடிக்க இல்லாத தெருவை வேண்டுமென்றே வரைந்து வைக்கும் வழக்கமும் வரைபடத் தொழிலில் உண்டாம். பிரிட்டனில் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களைப் பார்த்து வரைந்ததற்காக, வாகன ஓட்டிகளுக்கான ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2001-இல் 2 கோடி பவுண்டுக்குச் சமரசம் செய்துகொண்டது. என் 43 தெருவுக்கு வழக்கு வராது, இருந்தாலும் வயிற்றைக் கலக்கியது.

உண்மையை ஒப்புக்கொண்டேன். அவரே என் மாற்றத்தைத் திருப்பிவிட உதவினார். பெரிய வரைபடங்களின் தெருக்காட்சிப் படங்களில் பெயர்ப்பலகையைப் படித்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, அதுவும் கூடாது, பொதுமக்களே தெருக்களைப் படமெடுத்துப் பதிவேற்றும் மேப்பில்லரி தளத்தின் படங்கள் என்றால் பரவாயில்லை என்றார். எங்கள் ஊரை அதில் யார் எடுத்திருக்கிறார்கள்? சைக்கிளை எடுத்தேன்.

நாலு சாயங்காலம் ஆனது. தெருவில் நின்றபடியே பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி கைகொடுத்தது. கம்பெனி வரைபடத்தில் சாதிப் பெயரோடு இருந்த தெருவின் பலகையில் அந்தச் சொல்லின் மேல் எப்போதோ தார் பூசியிருந்தார்கள். மிச்சம் இருந்ததைத்தான் எழுதினேன். இரண்டு தெருக்களில் பலகைக்கு மேல் கட்சி சுவரொட்டி, டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. இந்த முறை ஆதாரம் என்ற இடத்தில் நேரில் பார்த்தது என்று போட்டேன்.

ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குப் பலகையே இல்லை. ஒரு வீட்டில் குளத்துச் சந்து என்கிறார்கள், எதிர்வீட்டில் மூன்றாம் குறுக்குத் தெரு என்கிறார்கள். இப்போதைக்கு அது பெயரில்லாமலே கிடக்கிறது. தபால்காரரைப் பார்த்தால் கேட்க வேண்டும்.