எழுந்து போன பெண்

தல்ஸ்தோயின் ‘அன்னா கரேனினா’ நாவலை இன்றைக்கு மறுபடி எடுத்தேன். ஓபரா காட்சியைத் தாண்ட முடியவில்லை.

அன்னா வந்து உட்கார்ந்ததும் பக்கத்து பாக்ஸில், அதாவது அரங்கின் தனித் தடுப்பில், இருந்த பெண் எழுந்துவிடுகிறாள். அவள் புருஷன் மேலங்கியை விரித்துப் பிடிக்க, முதுகைக் காட்டியபடியே போட்டுக்கொள்கிறாள். புருஷனை விட்டுக் காதலனோடு போனவள் அன்னா; அவள் பக்கத்தில் உட்காருவதே அவமானமாம்.

எழுந்த பெண்ணின் புருஷன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். அன்னாவுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிடத் தவிக்கிறான்.

அன்னா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அவளைக் காதலித்த விரான்ஸ்கிக்கோ எல்லா வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கிறது. பெற்ற பிள்ளையைப் பார்க்கக்கூட வழியில்லாமல் நின்றது அவள்தான்.

காதல் தோற்றதால் செத்தாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது ஆறவே இல்லை.

ஃப்ளோபேரின் ‘மேடம் பொவாரி’ (1857) நாவலில் விஷம் குடித்துச் சாகும் எம்மாவையும் அப்படித்தான். கதைப் புத்தகம் படித்துக் கெட்டாள் என்பார்கள். கடைசி நாட்களில் அவள் கடனுக்காகக் கதவு கதவாக ஏறி இறங்கியதை யார் பேசுகிறார்கள்? பழைய காதலனிடமும் போய் நிற்கிறாள். பணம் இல்லை என்கிறான்.

தற்கொலைக்குச் சமூகக் காரணங்கள் உண்டு என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம் புத்தகமாக எழுதியது 1897-இல். நாவல்கள் அதை முன்பே கண்டுவிட்டன.

ரயிலுக்கு அடியில் விழுந்த கடைசி நொடியில் அன்னா திகைத்துப்போகிறாள். எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன், எதற்காக என்று தன்னையே கேட்கிறாள்.

எழுந்துவிடப் பார்க்கிறாள். தல்ஸ்தோய் அதை எழுதாமல் விடவில்லை.