காருக்கு எத்தனை பி.எஸ்.ஐ. காற்று? கதவைத் திறந்து பாருங்கள்

காற்று அடிக்கப் போனால் முதலில் வரும் கேள்வி "எவ்வளவு வைக்கட்டும்?" என்பதுதான். நான் பல வருடங்களாக "35" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரோ எப்போதோ சொன்ன எண் அது, பி.எஸ்.ஐ. என்ற காற்றழுத்த அளவில். தனியாகப் போனாலும் வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனாலும் அதே 35தான். டயர் மாற்றப் போன நாளில்தான் கழற்றிப் போட்ட நான்கையும் வரிசையாகப் பார்த்தேன். நடுப்பட்டை மட்டும் தேய்ந்திருந்தது, இரண்டு ஓரங்களிலும் இன்னும் நல்ல பள்ளம் இருந்தது. அந்தக் காருக்குக் கம்பெனி சொன்ன அளவு 30. அது ஓட்டுநர் கதவைத் திறந்தால் கண்ணில் படும் இடத்திலேயே இத்தனை வருடமும் ஒட்டியிருந்தது.

ஆகவே முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். கதவு வந்து மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும், இரண்டிலும் இல்லாவிட்டால் காரோடு வந்த கையேட்டில் கட்டாயம் இருக்கும். முன் டயருக்கு ஓர் எண், பின் டயருக்கு ஓர் எண், சில சமயம் முழு பாரத்துக்குத் தனி எண். பி.எஸ்.ஐ.யில் இல்லாமல் பார் அல்லது கிலோபாஸ்கலில் இருந்தால் குழம்ப வேண்டாம்: 32 பி.எஸ்.ஐ. என்பது 2.2 பார், அதாவது 220 கிலோபாஸ்கல்.

பலர் ஏமாறுவது டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான். 44 என்றோ 51 என்றோ இருக்கும். அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு அது, உங்கள் காருக்கான அளவு அல்ல. அதே டயரை 900 கிலோ காரிலும் மாட்டலாம், 1,400 கிலோ காரிலும் மாட்டலாம். டயர் கம்பெனிக்கு உங்கள் கார் எது என்று தெரியாது. காரைச் செய்தவருக்கு அதன் எடை, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது, சஸ்பென்ஷன் எப்படி என்பதெல்லாம் தெரியும். அதே சைஸில் வேறு கம்பெனி டயர் போட்டாலும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணே செல்லும். சைஸையே மாற்றியிருந்தால்தான் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அப்போது புது டயரின் பாரத் திறனைப் பார்த்துக் கணக்கிட வேண்டும்.

காரின் எடையைச் சுமப்பது ரப்பர் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் சுமப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். 1,200 கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 300 கிலோ. 32 பி.எஸ்.ஐ. இருந்தால் டயர் தரையில் படும் இடம் ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர், ஒரு கையளவு. பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, மழையில் நிற்பது எல்லாம் அந்த நான்கு கையளவு ரப்பரை நம்பித்தான். காற்று குறைந்தால் டயர் அமுங்கி அந்த இடம் பெரிதாகும், அது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பாரம் ஓரங்களுக்குப் போய்விடும், ஓரம் தேயும். சுற்றுக்குச் சுற்று பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிர்வதால் சூடு ஏறும். வேகமும் பாரமும் வெயிலும் சேர்ந்தால் அந்தச் சூட்டில்தான் டயர் வெடிக்கிறது. கூடுதலாக அடித்தால் நடுப்பகுதி தேயும், பிடிப்பு குறையும், பள்ளத்தில் விழும்போது டயரும் ரிம்மும் அடி வாங்கும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், குறைவுதான் என்பேன். 1 பி.எஸ்.ஐ. கூட இருப்பதைவிட 5 குறைவாக ஓட்டுவதுதான் எனக்குப் பயம்.

மழையை நினைத்தால் இந்தப் பயம் இன்னும் கூடுகிறது. தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும்போது டயர் தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்கும், அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேலை செய்யாது. நாசா 1960-களில் விமான டயர்களை வைத்துச் செய்த சோதனைகளில், எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். கார் டயரில் பட்டனின், அதாவது மேல்புறப் பள்ளங்களின், ஆழமும் சேர்ந்துகொள்ளும், ஆனாலும் காற்று குறையக் குறைய இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும் என்பது மாறாது.

சரி, எண் தெரிந்துவிட்டது. எப்போது அளக்க வேண்டும் என்பதில்தான் அடுத்த தவறு நடக்கிறது. ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான எண். குளிர்ந்தது என்றால் கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடினால் டயர் சூடாகி அழுத்தம் தானாகவே 4, 5 ஏறும், அது இயல்பு, அதையும் எதிர்பார்த்துத்தான் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

இது தெரியாமல் ஒருமுறை நெடும்பயணத்தில் மாட்டிக்கொண்டேன். இப்போதைய காருக்கு 32. காலையில் கிளம்பும்போது சரியாக வைத்திருந்தேன். இரண்டு மணி நேரம் ஓட்டியபின் ஓரிடத்தில் நிறுத்தியபோது, அங்கே காற்று அடிப்பவர் பார்த்துவிட்டு "37 இருக்கு சார், ரொம்ப அதிகம்" என்று நான்கிலும் இறக்கி 32-இல் வைத்தார். நானும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலை காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் எந்த டயரும் 28-ஐத் தொடவில்லை. முந்தைய நாள் மிச்ச தூரம் முழுவதையும், குழந்தைகளும் மூட்டைகளுமாக, காற்று குறைந்த டயரில்தான் ஓட்டியிருக்கிறேன். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது. அன்றிலிருந்து யார் சொன்னாலும் நான் விடுவதில்லை.

அப்படியானால் காற்று அடிக்கும் இடம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன செய்வது? வீட்டில் ஒரு கேஜ் இருந்தால் போதும். காலையில் வண்டியை எடுக்கும் முன் அளந்து, எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 32 இருக்க வேண்டிய இடத்தில் 28 இருந்தால் 4 குறைவு. அங்கே போய்ச் சேரும்போது சூட்டில் 30 காட்டினால் 34 ஆக்குங்கள். என்ன காட்டுகிறதோ அதோடு 4 சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பஞ்சர் இல்லாத டயரிலும் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசியும், மாதத்துக்கு 1 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைவது சாதாரணம். அதோடு பருவமும் சேரும். வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். வெயில் காலத்து மதியத்தில் சரி செய்த டயர், குளிர்கால விடியற்காலையில் 3, 4 குறைந்து நிற்பதற்கு இதுதான் காரணம். மாதம் ஒருமுறை, அப்புறம் நீண்ட பயணத்துக்கு முன் ஒருமுறை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளும் என்றால் முழு பாரத்துக்கான எண்ணுக்குப் போங்கள். பெரும்பாலும் பின் டயருக்குத்தான் அதிகம் கேட்கும். திரும்பி வந்து பாரத்தை இறக்கியதும் பழைய எண்ணுக்கு வந்துவிட வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மின்சாரக் கார்களில் பேட்டரியின் எடையால் வெறும் காருக்கே 40-க்கு மேல் கேட்பவை உண்டு, அதைப் பார்த்துத் தவறு என்று நினைத்துக் குறைத்துவிட வேண்டாம்.

காற்று குறைந்ததைக் காட்டும் விளக்கு டாஷ்போர்டில் எரியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டியது, சொன்ன அளவில் 25 சதவீதம் குறைந்த பிறகுதான். 32 என்றால் 24. அதுவரை விளக்கு எரியாமலே இருக்கலாம், டயர் மட்டும் தேய்ந்துகொண்டும் பெட்ரோல் குடித்துக்கொண்டும் இருக்கும்.

காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாதது, கசிவு கொஞ்சம் மெதுவாக இருக்கும், அது உண்மை. ஆனால் சூட்டில் அதுவும் ஏறும், குளிரில் இறங்கும், அதையும் மாதாமாதம் அளக்கத்தான் வேண்டும். இலவசமாகக் கிடைத்தால் போடுங்கள், இல்லாவிட்டால் சாதாரணக் காற்றே போதும்.

அளந்து முடித்ததும் வால்வு மூடியைப் போட மறக்காதீர்கள், தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் காப்பது அதுதான். நான்கையும் பார்த்துவிட்டு டிக்கியையும் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். ஒல்லியான தற்காலிக டயராக இருந்தால் அதற்குப் பொதுவாக 60 பி.எஸ்.ஐ. வேண்டும், மற்ற டயர்களைப் போல 32 வைத்தால் பத்தாது.